கேமராவைப் பார்க்கக் கூடாது

1

போன வெள்ளிக்கிழமை என் மகன் அருண் பிறந்தநாள் பரிசாக எனக்கு ஒரு டிவிடி கொடுத்தான். வளைகுடாவில் ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்குக் கிடைக்கிற வழக்கமான பரிசு, விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷின். அது எனக்குப் போன வருடமே வந்துவிட்டது.

“டாடி, உங்க ஃபிரெஞ்ச் டைரக்டர். ரெஸ்டோர்ட் வெர்ஷன். கட் பண்ண பார்ட்ஸ் எல்லாம் ஃபைண்ட் பண்ணி ஜாயின் பண்ணிட்டாங்க.”

அவன் தமிழ் இப்படித்தான். நடுவில் ஒரு ‘பண்ணி’ மட்டும் தமிழில் நிற்கும். குறை சொல்லவில்லை. பக்கத்து ஃபிளாட் பையனிடம் அந்தப் ‘பண்ணி’யும் கிடையாது.

அந்தப் பிரெஞ்சுக்காரனின் பெயரைச் சொல்லமாட்டேன். என் மச்சினனிடம் ஒருமுறை சொன்னேன், “அது செண்டு பேரா?” என்று கேட்டான். அன்றிலிருந்து உறவுக்காரர்களிடமும் வாசகர்களிடமும் சொல்வதில்லை. சினிமா பேச ஆரம்பித்த புதிதில் படம் எடுத்தவன். சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தான். அவன் எடுத்ததையெல்லாம் ஒரே மாலையில் பார்த்து முடித்துவிடலாம். உயிரோடு இருந்தபோது சீண்ட ஆளில்லை. படத்தை வாங்கியவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஓட்டினார்கள். பிற்பாடு உலகம் முழுக்க ஒரு கூட்டம் அவனுக்குக் கோயில் கட்டியது. திருநெல்வேலிக் கிளைக்கு நான் பூசாரி.

டிவிடி ஓடத் தொடங்கிய அரைமணி நேரத்தில் எனக்கு வியர்த்தது. முதலில், காட்சிகள் வேறு வரிசையில் வந்தன. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் ஆபரேட்டர் இரண்டாவது ரீலையும் மூன்றாவது ரீலையும் மாற்றி ஓட்டியிருக்கிறார். ‘காலத்தைக் கலைத்துப் போட்ட மேதை’ என்று நான் ஒரு சிறுபத்திரிகையில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்த மேதை எங்கள் ஊர் ஆபரேட்டர்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதைக் கடக்க முடியவில்லை. தேடி எடுத்து ஒட்டிய துண்டுகளில், போகிற போக்கில் சில பேர் நின்று நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். சிரிக்கிறார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறார். ‘அவனுடைய படத்தில் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை, அதுவே அவன் தர்மம்’ என்று நான் வேதம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் அப்படியெல்லாம் தர்மம் வைத்திருக்கவில்லை. பார்த்தவர்களையெல்லாம் கத்திரிக்கோல் எடுத்துவிட்டிருந்தது.

மனைவி வசந்தா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “லீவு கிடைக்கிறதே வாரத்துல ஒரு நாள். அன்னைக்கும் கறுப்பு வெள்ளையா?”

அருண் பத்து நிமிடம் மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு ஃபோனோடு பால்கனிக்குப் போய்விட்டான். நான் டிவியை நிறுத்தினேன். அந்தப் பொய்த் தர்மத்தை வைத்துக்கொண்டு என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறேன். ஆறு நிமிடம். அதை ஒழுங்காகப் பார்த்த ரசிகர் ஒருவர்தான். அவருக்கு அப்போது வயது ஒன்றரை.

2

அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு கட்டட கம்பெனியில் டைம் கீப்பர். எத்தனை மணிக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று தாளில் குறிப்பது வேலை. குடியிருப்பு அஜ்மானில், வாடகை குறைவு என்பதால். தினமும் காலையில் ஷார்ஜா போகிற கார்களுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் நகராமல் இருந்தே நான் உலக சினிமாவைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

வந்த புதிதில் முதல் போனஸில் ஒரு ஹேண்டிகேம் வாங்கினேன். ‘ஊருக்குப் போனதும் படம் எடுப்பேன்’ என்பது அப்போதைய திட்டம். ஊருக்குப் போனதும் நான் எடுத்தது தங்கையின் கல்யாணம், அதுவும் அரைகுறையாக. கல்யாண வீட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு, பந்தி முடிந்து சுருட்டிய இலைகளை நான்கு நிமிடம் எடுத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தொழிலாளர்கள் தங்கும் கம்பெனியின் கேம்ப், பாலைவனத்தை ஒட்டி இருந்தது. அங்கே என் கேமரா பிரசித்தம். அப்போதெல்லாம் ஊருக்கு வீடியோ அனுப்புவது ஒரு வழக்கம். அதற்கு எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. ஆள் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைசீவி, ரூமில் யாருடையதோ கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு, ஃபோர்மேனுடைய ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து ஆப்பிளைக் காட்ட வேண்டும். பிறகு வயது வரிசைப்படி அம்மா, அப்பா, பெரியப்பா, சித்தி என்று ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வேண்டும். யாரையாவது விட்டால் அடுத்த லீவில் பேச்சுவார்த்தை இருக்காது. எல்லாம் முடிந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிக்க வேண்டும். “அவ்வளவுதாண்ணே, நிறுத்துங்க” என்பதும் பதிவாகியிருக்க வேண்டும். அதுவரை பார்த்தால்தான் ஊரில் திருப்தி.

இப்படிப் பத்துப் பதினைந்து எடுத்துக் கொடுத்திருப்பேன், மனதுக்குள் முகம் சுளித்துக்கொண்டே.

3

முருகேசன் ஷட்டரிங் கார்பெண்டர், கான்கிரீட் கொட்டப் பலகை அடைக்கிற தச்சர். முதுகுளத்தூர்ப் பக்கம். ரொம்பப் பேசமாட்டார். அன்று அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்தபின்னும் என் மேஜை முன்னால் நின்றார்.

“சார், புள்ளைக்கு ஒன்றரை வயசாச்சு.”

“சந்தோஷம்.”

“நான் வர்றப்ப வயித்துல மூணு மாசம். இன்னும் பாக்கல. லீவுல போய் நின்னா என்னையப் பாத்து வீல்னு கத்தும்ல சார்? ரூம்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆயிருக்கு. ஒரு வீடியோ இருந்து, தினம் போட்டுக் காட்டுனா மூஞ்சி பழகிரும்ல?”

“பழகும்.”

“ஒரு அஞ்சு நிமிசம் எடுத்துக் குடுங்க. ஃப்ரிட்ஜு நான் கேட்டு வச்சிருக்கேன்.”

இங்கேதான் சனி பிடித்தது. மற்றவர்கள் கேட்டபோது வராத வேகம் எனக்கு வந்தது. குழந்தை பார்க்கப் போகிற படம். ஜோடிப்பு எதற்கு? ஒரு மனிதன் எப்படி வாழ்கிறானோ அப்படியே காட்ட வேண்டும். “ஃப்ரிட்ஜெல்லாம் வேண்டாம். நாளைக்குக் காலையில நாலரை மணிக்கு வர்றேன். நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு, கேமராவைப் பாக்கக் கூடாது. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க.”

முருகேசன் யோசித்தார். “அப்ப புள்ளைய எப்படிப் பாக்குறது சார்?”

“நீங்க பாக்க வேண்டாம். புள்ள உங்களைப் பாக்கும்.”

இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அன்று அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், டைரியில் எழுதிவைத்தேன்.

விடியற்காலையில் எடுத்தேன். கதவுக்கு வெளியே வரிசையாகக் கிடந்த நாற்பது ஜோடி சேஃப்டி ஷூ. அதில் ஒரு ஜோடிக்குள் நுழையும் முருகேசன் கால். குழாயடியில் குனிந்திருக்கும் முதுகு. பாதி ரசம் போன கண்ணாடியில் சவரம் செய்கிற முகம், முக்கால்வாசி நுரை. சப்பாத்தியை மடித்து டிபன் பாக்ஸில் அடுக்கும் விரல்கள். பஸ்ஸுக்கு நடக்கும்போது பிடரி, தோளில் பை, எதிரில் வெளுக்கும் வானம். முருகேசன் அபாரமாக ஒத்துழைத்தார். ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. நான் குறுக்கே போனால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பஸ் டிரைவரிடம் மட்டும் யாரும் தர்மத்தைச் சொல்லவில்லை. பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். எல்லோரும் லாலா என்று கூப்பிடுவோம். ஆறடி, மருதாணி போட்ட சிவப்பு மீசை. பஸ் படியில் உட்கார்ந்து பால் சேர்க்காத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

“யே க்யா ஹை பாய்? ஃபிலிம்?”

“மேரா பச்சிக்கு, லாலா. ஊருக்கு,” என்றார் முருகேசன், தன் பிள்ளைக்கு என்று, கேமராவைப் பார்க்காமல்.

“அச்சா! பச்சீ!” லாலா குனிந்தார். முகம் முழு ஃப்ரேமுக்கு வந்தது. இரண்டு கண்ணும் லென்ஸுக்குள் பார்த்தன. பெரிய பல்வரிசையோடு ஒரு சிரிப்பு. “பேட்டீ! கானா காயா?” மகளே, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். “நஹீ காயா? காவோ, காவோ!” சாப்பிடலையா, சாப்பிடு என்று விரலை ஆட்டிச் செல்லமாக மிரட்டிவிட்டு, யல்லா யல்லா என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கிளம்பினார்.

பதினோரு விநாடி. அதை நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, தற்செயலாக வந்ததைத் தெய்வம் தந்ததாக ஏற்பது பெரிய கலைஞர்களின் வழி என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. வைத்துக்கொண்டேன்.

4

எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்தவர் சுலைமான் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கடையில் ஒரு சின்ன டிவி உண்டு. முதல் காட்சியை அங்கேதான் போட்டேன். ஆறு நிமிடமும் வெங்காயம் நிறுக்காமல் பார்த்தார்.

“தம்பி, இதுல உங்க முருகேசன் யாரு? இந்த மீசைக்காரரா?”

“இல்ல காக்கா. அவர் பஸ் டிரைவர்.”

“அப்ப முருகேசன் வரவே இல்லையே.”

“படம் முழுக்க அவர்தானே காக்கா! அந்தக் கால், அந்தப் பிடரி, அந்த விரல்…”

“விரலை வச்சு எப்பிடிப்பா புள்ளைக்கு ஆளை அடையாளம் காட்டுறது? என் பிடரியை நானே பாத்ததில்லை.”

மளிகைக் கடைக்காரருக்கு உலக சினிமா எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, கால் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். இரண்டு காப்பி வேண்டாம், ஒன்று போதும் என்று ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் ஒரு கடையில் விசிடி போட்டேன். பரமக்குடிக்குப் போகிற ஒருவர் கையில் முருகேசன் கொடுத்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து முருகேசன் சிரித்த முகத்தோடு வந்தார். ஃபோன் கார்டு வாங்கிப் பேசியிருக்கிறார். “நல்லா இருக்குன்னாங்க சார். ஊர்ல விசிடி பிளேயர் வாடகைக்கு எடுத்துப் போட்டாங்களாம். புள்ள ரொம்ப விரும்பிப் பாக்குதாம். அப்புறம் எங்க மாமனார் பிளேயரே வாங்கிக் குடுத்துட்டாரு. அதைப் போட்டாத்தான் சோறே எறங்குதாம்.”

“மூஞ்சி பழகிடுச்சா?”

“அப்பா அப்பான்னு டிவிய முத்தம் குடுக்குதுன்னு எம் பொஞ்சாதி செல்வி சொல்லிச்சு சார்.” முருகேசன் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார் என்று நினைக்கிறேன். கேமரா இல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

நான் அன்று மாலை வசந்தாவிடம், “ஒன்றரை வயசுக் குழந்தைக்குப் புரியுது, உன் தம்பிக்குப் புரியல” என்றேன்.

5

முருகேசனுக்கு லீவு வந்திருக்க வேண்டியது இரண்டு வருடத்தில். லீவு ஃபாரத்தில் நான்கு கையெழுத்து வேண்டும். ஃபோர்மேன், சைட் இன்ஜினியர், கேம்ப் பாஸ், பாஸ்போர்ட் பெட்டியின் சாவி வைத்திருக்கிற அரபிக் கிளார்க். முதல் தடவை மூன்று கையெழுத்து வாங்கியபின், பதிலுக்கு ஆள் இல்லையென்று ஃபாரம் திரும்பியது. இரண்டாம் தடவை கான்கிரீட் ஸ்லாப் போடுகிற மாதம், தச்சரை விடமாட்டார்கள். மூன்றாம் தடவை ஃபாரத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள், பழைய ஃபாரம் கலாஸ், செல்லாது. ஒவ்வொரு தடவையும் தாளை மேலே கொண்டுபோனவன் நான்தான், திரும்பி வந்ததை அவர் கையில் கொடுத்தவனும் நான்தான். ஒவ்வொரு தடவையும், “பரவால்ல சார், புள்ளதான் தினம் என்னையப் பாக்குதே” என்பார்.

கடைசியில் மூன்றாம் வருடம் முடிகிற தறுவாயில் கிளம்பினார். அறுபது நாள் லீவு. பேட்டரி போட்டால் நடக்கிற பொம்மை ஒன்றை, அட்டைப் பெட்டிக்குள் மூச்சுத் திணறப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்.

நாற்பது நாளில் திரும்பி வந்தார்.

6

ஒரு வெள்ளிக்கிழமை, முன்பின் சொல்லாமல் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தார். வசந்தா டீ கொடுத்தாள். ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

“வாசல்ல கார் நின்னுச்சு சார். செல்வி புள்ளையத் தூக்கிட்டு வந்து, ‘இந்தா பாரு அப்பா, இந்தா அப்பா’ன்னா. புள்ள என்னையப் பாத்துச்சு. கத்தும்னு நெனச்சேன். கத்தல. எனக்குப் பின்னால காரை எட்டி எட்டிப் பாத்துச்சு. இன்னொரு ஆளு எறங்கும்னு.”

“யாரு?”

“லாலா சார்.”

எனக்குப் புரியச் சில விநாடி பிடித்தது. வசந்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

“அந்தப் படத்துல அவரு ஒருத்தருதான் அதைப் பாத்துப் பேசுறாரு. சாப்புட்டியான்னு கேக்குறாரு. அதுக்கு என்னா தெரியும்? அவருதான் அப்பான்னு வச்சிருச்சு. அவரு வர்ற எடத்துல ஓடிப்போய்க் கண்ணாடியில முத்தம் குடுக்கும், ஒரு வாய் வாங்கிக்கும். திருப்பிப் போடச் சொல்லும், இன்னொரு வாய்.”

“செல்வி சொல்லலையா, அது இல்ல அப்பான்னு?”

“சொல்லிருக்கா. கேக்கல. எல்லாருக்கும் வெளையாட்டா இருந்திருக்கு. புள்ள சாப்புடுதேன்னு விட்டுட்டா. எனக்கு ஃபோன்ல சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல. அவளக் குத்தம் சொல்ல முடியாது சார்.” டீயைக் கீழே வைத்தார். “என்னைய மாமான்னு கூப்புட்டுச்சு. பத்து நாள் கழிச்சு நானும் அவரு மாதிரியே குனிஞ்சு, விரலை ஆட்டி, ‘கானா காயா’ன்னு சொல்லிப் பாத்தேன். கையால என் வாயைப் பொத்திச்சு. ‘அது அப்பா சொல்றது’ன்னுச்சு.”

வெளியே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது.  

“இருபது நாள் மிச்சம் இருந்துச்சு. தெனமும் அந்தப் படத்தைப் போட்டா எனக்கு உக்கார முடியல. வந்துட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். அபூர்வமாக, நேராக. “சார், கோவிச்சுக்காதீங்க. அந்த ஆளை மட்டும் அதுலேருந்து வெட்டி எடுத்துர முடியுமா?”

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது என் கேமராவால் வந்தது என்றே அவருக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரனின் படத்தை வெட்டிய முதலாளிகளை நான் இருபது வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தவன். “முடியும்” என்றேன்.

எனக்கு வெட்டத் தெரியாது. அருண்தான் கம்ப்யூட்டரில் செய்தான். பதிமூன்று வயது. கதையை அவனிடம் முழுக்கச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

“டாடி, ஆர் யூ ஷ்யூர்? தட்ஸ் தி ஒன்லி குட் ஷாட்.”

“வெட்டுடா.”

அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று, முருகேசனை எங்கள் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தினேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டார், தோளில் தொங்கியது. கேமராவைத் தூக்கியதும் அவர் கண் தானாகத் தரைக்குப் போனது.

“இங்க பாருங்க முருகேசன்.”

“பாக்கலாமா சார்?”

“பாருங்க.”

பார்த்தார். பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்குப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாப்பா… அப்பா… நல்லா இருக்கேன்” என்றார். இன்னும் என்ன சொல்வதென்று கேட்பது போல என் பக்கம் கண்ணைத் திருப்பினார். பதினோரு விநாடி தேறியது. அதை ஒட்டினோம்.

7

புது விசிடி ஊர் போய்ச் சேர்ந்த அன்றே, பழையதை உடைத்துப் போடச் சொல்லி முருகேசன் ஃபோன் செய்தார். செல்வி கணவர் சொன்னதைத் தட்டாதவள். இரண்டாக ஒடித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கேம்ப்பில் என் மேஜை முன்னால் வந்து நின்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். குழந்தை சோற்றோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஷூ வந்தது, கண்ணாடி வந்தது, பஸ் வந்தது. எழுந்து முத்தம் கொடுக்கத் தயாராகப் போய் நின்றிருக்கிறது. முருகேசன் வந்திருக்கிறார். திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறது. திரும்பவும் முருகேசன். டிவிக்குப் பின்னால் போய்த் தேடியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்றிருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல்.

“மாமனார் சத்தம் போடுறாரு. செல்வி அழுகுறா.” முருகேசன் மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். “பரவால்ல சார். அந்தப் பழசையே இன்னொண்ணு போட்டுக் குடுங்க, அனுப்பிரலாம்.”

“முருகேசன்…”

“இருந்துட்டுப் போகட்டும் சார். சாப்புடணும்ல.”

ஒரு மனிதர் தன்னுடைய இடத்தை எழுந்து கொடுக்க முடிவுசெய்து வந்திருந்தார். என்னால் அதைக்கூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை. கேமரா டேப்பின் மேல் அருணின் பள்ளி ஆண்டுவிழாவை எடுத்துவிட்டிருந்தேன். லாலா இருந்த இடத்தில் இப்போது ஒரு பையன் ஆங்கிலத்தில் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தான். அருணின் கம்ப்யூட்டரில் வெட்டிய துண்டு குப்பைக்குள் போய், குப்பையும் போய்விட்டது. விசிடியில் நான் ஒரு காப்பிதான் போட்டிருந்தேன், கலைப்படைப்பு மலியக் கூடாது என்று.

அந்தப் பிரெஞ்சுக்காரனின் துண்டுகளை ஐரோப்பா முழுக்க யார் யாருடைய கிடங்கிலோ தேடி எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு அலமாரிகூட இல்லை.

சரி, ஆளையே பிடித்து இன்னொருமுறை எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். லாலாவை நான்கு மாதமாகக் கேம்ப்பில் காணோம். பஸ், வாடகை பஸ். அதனால் அவர் என் தாளில் கிடையாது. இரண்டாயிரம் பேரின் வருகையைக் குறித்து வைத்திருந்த எனக்கு அந்த ஒரு ஆளின் பெயர் தெரியாது. தொழிற்பேட்டையில் பஸ் கம்பெனி ஆபீசைத் தேடிப் போனேன். இரண்டு வெள்ளிக்கிழமை பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை ஆள் இருந்தார்.

“லாலாவைப் பார்க்கணும் பாய்.”

“கோன் லாலா? இதர் சப் லாலா ஹை.” இங்கே எல்லோரும் லாலாதான் என்கிறார்.

மீசையைச் சொன்னேன். மருதாணியைச் சொன்னேன். உயரத்தைக் கையால் காட்டினேன். அந்த கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, பாதிப் பேருக்கு விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போய்விட்டார்கள், விலாசம் மாஃபி, யாரிடமும் இல்லை என்றார். “கியோன், பைசா தேனா ஹை?” என்று கேட்டார். பணம் ஏதாவது தரவேண்டியிருக்கிறதா என்று. இல்லை என்றேன். வேறெதற்காக ஒரு டிரைவரை ஒருவன் தேடுவான் என்று அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

திரும்பி வந்து முருகேசனிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். “நல்ல மனுசன் சார் அந்த ஆளு” என்றார். “மழை பேஞ்சா பஸ்ஸ ரூம் வாசலுக்கே கொண்டாருவாரு.”

குழந்தைக்குப் பத்து நாளில் காய்ச்சல் விட்டது. சாப்பிடத் தொடங்கியது. டிவி போடச் சொல்வதில்லை. ஒரு மாதம் கழித்துச் செல்வி ஃபோனில், “இப்பல்லாம் அப்பா எங்கன்னு கேக்குறதில்லைங்க” என்று நல்ல செய்தியாகத்தான் சொன்னாளாம்.

8

முருகேசன் இன்னும் எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறார். இப்போது சார்ஜ்ஹேண்ட், தச்சர்களை மேய்க்கிற வேலை. நான் டைம் கீப்பரிலிருந்து அட்மினுக்கு உயர்ந்து, அவருடைய லீவு ஃபாரத்தில் ஐந்தாவது கையெழுத்தாக ஆகியிருக்கிறேன். அதை மட்டும் நிறுத்தி வைக்காமல் போடுகிறேன். அந்த முதல் லீவுக்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தார். ஹேண்டிகேமை நான் யாருக்கோ கொடுத்துவிட்டேன். கேம்ப்பில் இப்போது ஆளுக்கொரு ஃபோன், அதில் கேமரா. யாரும் என்னைக் கேட்பதில்லை.

டிவிடி பார்த்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, சைட் ஆபீசுக்கு வந்தார். மூன்றாவது லீவு முடிந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். டிவிடியில் அந்தக் கிழவர் கேமராவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும். அவருக்கு என்ன குறையும் என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

“பாப்பா எப்படி இருக்கா?”

“மூணாப்பு போறா சார். கெட்டிக்காரி. நான் போனா எந்திரிச்சு நிப்பா. வாங்கன்னு சொல்லுவா. தண்ணி கொண்டாந்து குடுப்பா. அம்மா சொல்லிக் குடுத்துருக்கு.” பொட்டலத்தின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். “அதுக்கு மேல ஒட்டுறதில்ல. வயசுப்புள்ள ஆகப்போகுது, இனிமே ஒட்டாது.”

நான் லீவு ரெஜிஸ்டரைத் தள்ளினேன். திரும்பி வந்த தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது கதவருகில் நின்றார்.

“பள்ளிக்கூடத்துல டீச்சரு, அப்பா பேரு என்னன்னு கேட்டா டக்குன்னு சொல்லுதாம் சார்,” என்றார். “எம் பேருதான் சொல்லுதாம்.”